ஆன் ஆகாத பெட்டியும் தலைக்கட்டுப் பட்டியலும்

பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்தால், பெட்டி வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா என்றுதான் முதலில் கேட்பேன். இது என்ன கேள்வி என்பது போலப் பார்ப்பார்கள். பெட்டியை எழுப்புவது ஒரு வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது வேறு வேலை. ஆர்வத்தில் முதல் வேலையை முந்திச் செய்தால் இரண்டாவதுக்கு வழியே இல்லாமல் போய்விடும். ஹார்ட் டிஸ்க் தானாகச் செத்ததைவிட, எப்படியாவது ஆன் செய்தே தீருவேன் என்ற வைராக்கியத்தில் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்த வழியில் போகவிருந்த ஒன்றுதான். பெரியப்பா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ், அதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை. 2003இல் தெரிந்த பையன் ஒருவனிடம் சொல்லி அசெம்பிள் செய்து வாங்கினார்: பென்டியம் 4, 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் குண்டு மானிட்டர். அந்தக் காலத்தில் வீட்டுக்குக் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எங்கள் பக்கம் குறைவு. பாகங்களை வாங்கிக் கோத்துக் கொடுக்க ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பூப்போட்ட துணியில் பெரியம்மா உறை தைத்துப் போட்டிருந்தார்.

அதில் பெரியப்பா செய்த பெரிய வேலை எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயில் கணக்கு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைத் தேடிப் போகிற மற்ற குடும்பங்களைப் போலவே எங்களிலும் பாதிப் பேருக்கு மேல் வெளியூர். யார் எந்த வகையறா, எந்தப் பையன் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு (வரிக்குத் தனிக் குடும்பம்) ஆனான், போன கும்பாபிஷேகத்துக்கு யார் எவ்வளவு வரி கொடுத்தார், யார் பாக்கி என்று எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றியிருந்தார். இப்போது மறுபடி கும்பாபிஷேகப் பேச்சு எழுந்துவிட்டது. பொருளாளரிடம் இருந்த ஒரே பிரின்ட், அவர் வீட்டை இடித்துக் கட்டியபோது எங்கோ போய்விட்டது.

"எல்லாம் அதுக்குள்ளதாம்மா இருக்கு. ஆன் ஆச்சுன்னா எடுத்துரலாம்லா?" என்றார் பெரியப்பா.

ஏற்கெனவே பக்கத்துக் கடை ஒன்றில் காட்டியிருந்தார்கள். மதர்போர்டு போய்விட்டது, பழைய போர்டு ஒன்றைப் போட்டு ஃபார்மட் அடித்துத் தந்துவிடலாம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டி ஓட வேண்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தால் ஓட வைப்பதுதான் அவர் வேலை. ஃபார்மட் அடித்த பெட்டி நன்றாகவே ஓடும், உள்ளே இருந்ததுதான் அழிந்திருக்கும். நல்லவேளையாகப் பெரியப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆன் ஆகவில்லை என்பதில் ஐந்தாறு வியாதி அடக்கம். பட்டனை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை எழுந்து, வோல்டேஜ் எல்லாம் சரி என்று போர்டுக்கு ஒரு சைகை அனுப்ப வேண்டும். அந்தச் சாம்பல் நிற வயர் அதற்குத்தான். அப்புறம் போர்டிலேயே இருக்கும் ஆரம்ப மென்பொருளான பயாஸ் விழித்து ராமையும் டிஸ்ப்ளே கார்டையும் சரிபார்க்கும். அதன் பிறகே ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் துண்டை, தேடிப் போகும். விண்டோஸ் வருவது கடைசியில். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஃபேன் சுற்றி, திரை கறுப்பாக நின்று, விடாமல் பீப் அடித்தால் பெரும்பாலும் ராம். கழற்றி, அந்தத் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் பல பெட்டிகள் எழுந்துவிடும். அவார்டு பயாஸில் நீளமாக ஒரு பீப், குட்டியாக இரண்டு என்றால் டிஸ்ப்ளே கார்டு. தேதி இருபது வருடம் பின்னால் ஓடிப்போய், சிமாஸ் செக்சம் எரர் என்று வந்தால் போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி, வாட்ச் கடையில் கிடைக்கும். என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங் என்று வெள்ளை எழுத்தில் வந்தால் சந்தோஷமே படலாம். போர்டு, ராம் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, விண்டோஸின் ஆரம்பக் கோப்பைத்தான் காணோம் என்று அர்த்தம். யாராவது ஃப்ளாப்பியை உள்ளேயே விட்டிருந்தாலும் இதே செய்தி வரலாம்.

பெரியப்பாவின் பெட்டி இதில் எதையுமே சொல்லவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் கால் சுற்று துள்ளி நின்றது. மறுபடி அழுத்தப் போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து கெட்டித்துப் போயிருந்தன. பவர் பட்டனிலும் ஒரு பொட்டு. உள்ளே சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்கின் இடுக்கு தெரியாத அளவுக்குத் தூசு, ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடு. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களை, மின்சாரத்தைச் சேமித்துச் சீராகத் தரும் குட்டி உருளைகளை, பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தலைகள் உப்பியிருந்தன. வெடித்துச் சிதறாமல் இருப்பதற்காகவே அந்தத் தலையில் குறுக்குக் கீறல் போட்டிருப்பார்கள். சிலவற்றில் அந்தக் கீறல் திறந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. நான் சில காலம் சர்க்யூட் போர்டு டெஸ்டிங்கில் இருந்தவள். இந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

அந்தக் காலத்துப் போர்டுகளுக்கு இது உலகம் முழுக்க வந்த நோய். கெப்பாசிட்டர் பிளேக் என்றே பெயர் வைத்தார்கள். தைவானில் தயாரான சில கெப்பாசிட்டர்களுக்குள் இருந்த எலக்ட்ரோலைட் திரவம் சரியில்லை. அதில் தண்ணீர் இருந்தது, அந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்காமல் தடுக்க வேண்டிய சேர்மானம் சரியாக இல்லை. அரிக்க அரிக்க ஹைட்ரஜன் வாயு சேர்ந்து தலை உப்பிவிடும். ஜப்பானில் ஒரு கம்பெனியின் ஃபார்முலாவை யாரோ அரைகுறையாகத் திருடிக்கொண்டு போனதில் வந்த வினை என்று ஒரு கதை அப்போது பத்திரிகைகளில் ஓடியது. கதை எப்படியோ, நஷ்டம் நிஜம். டெல் கம்பெனி மட்டுமே 2005இல் இந்த வகைப் பழுதுகளுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது.

நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று தயாரித்தவர் சொன்னால், பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் போடும் கணக்கு. 65 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம் வரும். தூசு அடைத்து 85இல் வெந்தால் 8,000தான். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில், மேலே துணி உறையை முழுக்க எடுக்காமலே ஓட்டிய பெட்டி எந்தக் கணக்கில் வரும் என்று பெரியம்மா முன்னால் நான் சொல்லவில்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, பழைய சி.டி. டிரைவ் ஒன்றை மட்டும் லோடாக மாட்டிச் சோதித்தேன். பெரிய கனெக்டரில் பச்சை வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே ஓர் ஊக்கைச் சொருகிவிட்டு மெயினைப் போட்டால், போர்டு இல்லாமலேயே அது எழும். மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டர் 11.1 காட்டியது, அதுவும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. (அந்தத் தகரப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே இறங்காது.)

முதலில் பெட்டியைத் தொடாதே என்று நான் கத்துவதற்குக் காரணம் இதுதான். இப்படித் தள்ளாடும் எஸ்.எம்.பி.எஸ். எந்த நேரமும் அதிக வோல்டேஜைத் தள்ளி ஹார்ட் டிஸ்க்கின் அடியில் இருக்கும் போர்டை எரித்துவிடலாம். புதுப் போர்டு மாட்டி, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே ஓட்டிப் பார்த்து, அது எழுந்தாலும் விண்டோஸ் சும்மா இருக்காது. பழுதான டிஸ்க்கில், அதைச் சரிபார்த்துத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டத் தொடங்கும், கோப்புகளை அங்குமிங்கும் மாற்றி எழுதும். டிஸ்க்கைக் கழற்றித் தனியாக எடுத்துவிட்டால் இந்த வம்பு எதுவும் இல்லை. நாலு ஸ்க்ரூதான்.

அது ஐ.டி.இ. டிஸ்க், பட்டையாகச் சாம்பல் கேபிள் போகுமே, அந்த வகை. இப்போதைய லேப்டாப்பில் மாட்ட, தனிப் பவர் அடாப்டருடன் வரும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வேண்டும். பவர் அடாப்டர் இல்லாத கன்வெர்ட்டர் இந்த 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு உதவாது, 12 வோல்ட் யு.எஸ்.பி.யிலிருந்து கிடைக்காது. பின்பக்கக் குட்டி ஜம்பரை மாஸ்டரில் வைக்க வேண்டும். கனெக்டரில் நடுவே ஒரு பின் இல்லையே, உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தலைகீழாகச் சொருகாமல் இருக்க 20ஆவது பின்னை வைக்காமலே விட்டிருப்பார்கள்.

லேப்டாப்பை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் உள்ள பென் டிரைவில் பூட் செய்தேன். விண்டோஸில் மாட்டினால் அது கேட்காமலே டிஸ்க்கில் எதையாவது எழுதும். ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. இதை எழுதியவர் அன்டோனியோ டியாஸ் டியாஸ். இந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம். சாதாரணமாகக் கோப்பைக் காப்பி செய்தால், ஒரு கெட்ட செக்டார் வந்ததும் அங்கேயே நின்று முட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்டலிலேயே டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் சாகும். டிடிரெஸ்க்யூ கோப்பு, ஃபோல்டர் எதையும் பார்க்காது. டிஸ்க் முழுவதையும் செக்டார் செக்டாராக ஓர் இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் முழு நகலாக, எழுதும். 40 ஜி.பி. என்றால் 512 பைட் செக்டார்கள் சுமார் ஏழு கோடியே எண்பது லட்சம் வரும். படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய், நல்ல இடங்களை முதலில் வாரிக்கொள்ளும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்லவை கைக்கு வந்த பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய் ஓரங்களைச் சுரண்டும்.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரே சீரான ரீங்காரம், நடுவில் லேசான கரகர. டக், டக் என்று ஒரே தாளத்தில் அடித்திருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கியிருப்பேன். அது ஹெட் தடம் தெரியாமல் திண்டாடுகிற சத்தம், வீட்டில் செய்ய எதுவும் இல்லை, டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிஸ்க் காற்றுப் புகாத டப்பா கிடையாது, ஃபில்டர் வைத்த சின்னத் துளை ஒன்று உண்டு. குளிர்ந்த தட்டின் மேல் ஈரம் படிந்தால் அதோடு சரி.

ஓட்டம் முக்கால்வாசி வரை வேகமாகப் போய், ஓர் இடத்தில் நொண்டி, அப்புறம் மெதுவாக முடிந்தது. படிக்க முடியாமல் போனது சில எம்.பி. அளவுதான், அதுவும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருந்த பகுதியில். இமேஜை ரீட் ஒன்லியாகத் திறந்தேன். எக்ஸ்பியில் பெரியப்பா போட்டிருந்த பாஸ்வேர்டு லினக்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. என்கிரிப்ட் செய்யாத வரை கதவு திறந்தேதான் கிடக்கும். மை டாக்குமென்ட்ஸில் கோவில் வரி, கோவில் வரி நியூ, கோவில் வரி ஃபைனல், கோவில் வரி நியூ ஃபைனல் என்று எல்லாம் பத்திரமாக இருந்தன. பெரியப்பாவைக் கூப்பிட்டு, கடைசித் தேதியுள்ளதைத் திறந்தேன்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கொட்டியது. ஒரு பெயர்கூடப் படிக்க முடியவில்லை.

"வைரஸா?" என்றார்.

பாமினி. டைப்ரைட்டர் விசை வரிசையை ஒட்டி வந்த எழுத்துரு. லோயர் பாஸ் செய்தவருக்கு விரல் தானாக ஓடும் என்று அந்த அசெம்பிள் பையன் போட்டுக் கொடுத்திருக்கிறான். இந்த வகை எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஜே-யின் படத்துக்குப் பதிலாகத் த-வின் படத்தை எழுத்துரு காட்டும், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பாமினி மட்டுமா? அரசு அலுவலகங்களில் வானவில், இணையத்தில் திஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று ஆளாளுக்கு ஒரு முறை. பெரியப்பா கம்ப்யூட்டர் வாங்கியபோதே எக்ஸ்பியில் லதா என்ற யூனிகோட் (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண் கொடுக்கும் உலகப் பொது முறை) எழுத்துரு இருந்தது. ஆனால் பேஜ்மேக்கர் போன்ற, அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டி.டி.பி. மென்பொருள்கள் யூனிகோட் தமிழைக் காட்டாததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடுக்கு ஆணை போட்டது. அதற்கு முன் வீடுகளில் தட்டிய கோடிக்கணக்கான வரிகள் இன்னும் அந்தந்த எழுத்துருவுக்குள்தான் சிறைப்பட்டுக் கிடக்கின்றன.

அதனால் யார் பழைய டிஸ்க்கிலிருந்து கோப்பு எடுத்தாலும், மை டாக்குமென்ட்ஸோடு நிறுத்தாமல் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள் என்பேன். பாமினி எங்கும் கிடைக்கும். ஆனால் ஏதோ ஒரு டி.டி.பி. கடைக்காரர் தன் வசதிக்குத் திருத்திய எழுத்துரு என்றால் அந்த டிஸ்க்கை விட்டால் வேறெங்கும் இருக்காது. அந்த ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்து லேப்டாப்பில் போட்டதும் பட்டியல் தமிழில் நின்றது. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்தை வாய்விட்டே படித்தார்.

படிக்க முடிந்தால் போதாது, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமே. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். இந்த மாற்றத்துக்குள் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது. பாமினியில் கொ என்பதற்குக் கொம்பு, க, கால் என்று பார்க்கிற வரிசையிலேயே அடிக்க வேண்டும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். ர் என்பதற்குப் பாமினியில் காலும் புள்ளியும்தான், டைப்ரைட்டரின் சிக்கனம். கன்வெர்ட்டர் இதையெல்லாம் கண்டுபிடித்துச் சரியாக மாற்றிவிடும். அது தோற்கும் இடம் ஒன்று உண்டு. விலாசத்தில் பெரியப்பா சில இடங்களில் எழுத்துருவை மாற்றி, கே.டி.சி. நகர் என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தார். எது ஆங்கிலம், எது பாமினி என்று கன்வெர்ட்டருக்கு எப்படித் தெரியும்? கே.டி.சி. நகர்வாசிகள் எல்லோரும் உச்சரிக்க முடியாத ஏதோ ஒரு தமிழூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்தக் கட்டங்களை எழுத்துரு பார்த்துப் பிரித்தெடுத்துத் தனியாக வைக்க வேண்டியிருந்தது. பெயர் வரிசையும் குழம்பியிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. எக்செல் அத்தனை காலமும் அகர வரிசை என்று ஏ, பி, சி வரிசையில் அடுக்கியிருக்கிறது. தமிழில் ஏன் ஒழுங்காக அடுக்க மாட்டேன் என்கிறது என்று பெரியப்பா அன்றே அந்தப் பையனிடம் சண்டை போட்டாராம்.

பெட்டியையும் அப்புறம் எழுப்பினோம், அவர் ஆசைக்காக. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் கணக்கில் 105 டிகிரி கெப்பாசிட்டர்கள், வேறு எஸ்.எம்.பி.எஸ்., புது சி.ஆர். 2032. எக்ஸ்பி தன் பழைய இசையோடு வந்தது. இன்டர்நெட்டில் மட்டும் சேர்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அதை 2014 ஏப்ரலோடு கைவிட்டுவிட்டது. பெரியப்பா சீட்டாட்டம் ஆடுகிறார். கோயில் கணக்கு லேப்டாப்பில்தான். என்.ஹெச்.எம். ரைட்டரில் பாமினி விசைப்பலகையே இருக்கிறது, விரல் பழையபடி தட்ட, கோப்பில் யூனிகோட் விழுகிறது. பென் டிரைவில் ஒரு பிரதி புதுப் பொருளாளரிடம், இன்னொன்று என்னிடம்.

பட்டியலைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அது எப்படி மீண்டு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு சித்தப்பா மட்டும், தன் பெயருக்கு நேரே பாக்கி என்று இருக்கிறது, அதை அப்போதே கட்டியாயிற்று என்று நீளமாக ஓர் ஆடியோ அனுப்பினார். பெரியப்பா லேப்டாப்பைத் திறந்து அவர் வரியைத் தேடி எடுத்து, ரசீது எண் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். எண் வராமல் அந்தக் கட்டத்தில் கை வைக்க மாட்டாராம்.